நாகர்கோவிலில் இருந்தபடி தனியாக மென்பொருள் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருப்பார். படிப்பில் நாம் எப்போதும் முன்னால்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் படித்தவர்கள் வேலைக்கு சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் டெக்னோபார்க், இல்லையென்றால் வளைகுடா என்று கிளம்பிவிடுகிறோம். "வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இருந்து தனியாக ப்ரோகிராம் எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். பல ஆண்டுகளாக நாகர்கோவிலில் இருந்து இதைத்தான் செய்கிறேன். கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல தொழில். இதில் சிரமமான பகுதி கோடு, அதாவது ப்ரோகிராம், எழுதுவது இல்லை. விலை சொல்வது, அட்வான்ஸ் கேட்பது, வராத பணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது, முடியாது என்று சொல்வது ஆகியவைதான் சிரமம். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான் இருக்கும்.

ஃப்ரீலான்ஸ், கான்ட்ராக்ட், சொந்த ஆப், எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஃப்ரீலான்ஸ் என்றால் சின்னச் சின்ன வேலைகளைப் பலரிடம் வாங்கிச் செய்வது. கான்ட்ராக்ட் என்றால் ஒரே கம்பெனிக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ, மணிக்கணக்கிலோ மாதக் கணக்கிலோ பணம் பேசி வேலை செய்வது. சொந்தமாக ஒரு மென்பொருளை உருவாக்கி விற்பது மூன்றாவது வகை. ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது கான்ட்ராக்ட். மாதம் ஒரு பில், ஒரே ஆளிடம் பேச்சு. தொழிலைக் கற்றுக்கொள்ள அதில் நேரம் கிடைக்கும்.

நெட், கரண்ட் எல்லாம் இங்கே நம்பும்படி இருக்கிறதா?

நெட் இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களில் ஃபைபர் தாராளம். மலையோரம் பேச்சிப்பாறைப் பக்கம் வீடு என்றால் வேலையை விடுவதற்கு முன் இணைப்பை எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

கரண்ட்தான் யோசிக்க வேண்டிய விஷயம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஜூன் மாதம் காற்று வீசத் தொடங்கினால் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போவது சாதாரணம். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாட்களும் உண்டு. அதைப் பேப்பரில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், அன்றைக்கு மீட்டிங் வைக்காதீர்கள். நல்ல பேட்டரியோடு இன்வெர்ட்டர் ஒன்று, ரௌட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ்., ஃபைபர் தருகிற கம்பெனியை விட்டு வேறு கம்பெனி சிம் போட்ட போன் ஒன்று. இவை மூன்றும் முதல் மாதச் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்படி ஒன்று மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே கிளையன்ட்டிடம் பேசி வையுங்கள். கோடு எல்லாம் தினமும் சர்வரில் ஏறியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு இடம் தெரிந்திருக்க வேண்டும். நாகர்கோவிலில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான், ரயிலும் இருக்கிறது.

எவ்வளவு சம்பாதிக்கலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரு தொகையைச் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

வருடத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104 போனால் 261. பண்டிகை, உள்ளூர் விடுமுறை, காய்ச்சல், கல்யாணம், அடியந்திரம் என்று ஒரு முப்பது நாள் போகும். மிச்சம் சுமார் 230. இந்த 230 நாளும் பில் போட முடியாது. புது கிளையன்ட்டிடம் பேசுவது, எஸ்டிமேட் எழுதுவது, பணம் கேட்டு மெயில் அனுப்புவது, ஆடிட்டரைப் பார்ப்பது, புதிதாக ஒன்றைப் படிப்பது, இதற்கெல்லாம் யாரும் பணம் தர மாட்டார்கள். அனுபவத்தில் பார்த்தால் நூற்றுக்கு அறுபது நாள் பில் போட்டாலே நல்லது. அதாவது 138 நாள். ஒரு நாளில் உண்மையாக உட்கார்ந்து செய்கிற வேலை ஆறு மணி நேரம் என்று வைத்தால் வருடத்துக்கு 828 மணி நேரம்.

இப்போது உங்களுக்கு வருடத்துக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். வீட்டுச் செலவு, இன்சூரன்ஸ், சேமிப்பு, லேப்டாப், நெட், வரி எல்லாம் சேர்த்து 12 லட்சம் என்றால், 828ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 1,450 ரூபாய். இதற்குக் கீழே விலை சொன்னால் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

பலர் செய்வது வேறு. மாதச் சம்பளத்தை 160 மணி நேரத்தால் வகுத்து அதையே ரேட்டாகச் சொல்கிறார்கள். சம்பளம் 60,000 என்றால் மணிக்கு 375 ரூபாய். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். ஆறே மாதத்தில் கடன் வாங்க வைக்கும் கணக்கு அது.

அதே நேரம், ஊரில் இருப்பதன் லாபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த வீடு, வாடகை இல்லை, முற்றத்தில் தேங்காய், வாசலில் மீன். பெங்களூருவில் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டு வாடகைக்கும் போக்குவரத்துக்கும் கொடுத்தவருக்கு இதன் அருமை தெரியும். இந்த லாபத்தைக் காட்டி கிளையன்ட்டுக்கு ரேட்டைக் குறைக்காதீர்கள். அது உங்களுக்கு வரவேண்டிய லாபம். "நீங்க நாகர்கோவில்லதானே இருக்கீங்க, செலவு கம்மிதானே" என்று பேரம் பேசுகிறவர் கட்டாயம் வருவார். சென்னையில் இருப்பவர் எழுதினாலும் நான் எழுதினாலும் வேலை ஒன்றுதான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

சம்பள வேலையை விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போவது எவை?

பி.எஃப். முதலில் போகும். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் நீங்கள் போட, கம்பெனியும் 12 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கிற கிராஜுவிட்டி இல்லை. சம்பளத்தோடு லீவு இல்லை. அரசின் நீண்ட காலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப். கணக்கில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், 15 வருடம் ஓடும். அதை முதல் வருடமே தொடங்குங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மருத்துவ இன்சூரன்ஸுக்குத்தான். கம்பெனியின் குரூப் பாலிசியில் அப்பா, அம்மாவும் சேர்ந்திருப்பார்கள். ராஜினாமா கொடுத்துக் கடைசி நாள் முடிந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதன் பிறகு தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். அந்தக் காத்திருப்புக் காலம் கம்பெனி பாலிசி கையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் வேலையை விடுகிறேன் என்பவர்களிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் கிளையன்ட்டை எங்கே தேடுவது?

பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களிடம். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். இன்று வேறு வேறு கம்பெனிகளில், வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பார்கள். "இந்தத் தேதியில் இருந்து தனியாக வேலை எடுக்கிறேன், இன்னின்ன வேலை செய்வேன்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களும் உண்டு. ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நாலு நல்ல மதிப்புரை வாங்குவதற்கு அது பரவாயில்லை. அங்கேயே வருடக் கணக்கில் இருந்தால் விலைக் குறைப்புப் போட்டியிலேயே காலம் போய்விடும்.

உள்ளூர் வேலை எடுக்கலாமா? தெரிந்தவர்கள் காசு தர மாட்டார்கள் என்கிறார்களே?

எடுங்கள் என்றுதான் சொல்வேன். இந்த மாவட்டத்தின் தொழில்களை வெளியூர் கம்பெனி எதற்கும் சரியாகப் புரியாது. நமக்குப் புரியும், நம்முடைய பலமே அதுதான்.

ஒரு உதாரணம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்குகிற ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதினேன். வெளியே இருந்து பார்த்தால் எடை போடு, விலையால் பெருக்கு, பில் கொடு, அவ்வளவுதான் என்று தோன்றும். நடப்பது வேறு. விவசாயி கேனில் பால் கொண்டுவருவார். எடை போடுவார்கள். அதில் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வைப்பார்கள். பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதுதான் டி.ஆர்.சி.; 100 கிலோ பாலில் டி.ஆர்.சி. 34 என்றால் விலை 34 கிலோவுக்குத்தான். சாம்பிளை உலர்த்திப் பார்த்து அந்த எண் வருவதற்கு மறுநாள் ஆகும். ஆனால் விவசாயிக்கு இன்றைக்கே கொஞ்சம் பணம் வேண்டும். ஆக, இன்று எடை மட்டும் தெரியும், அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பில் தொகை இன்னும் பிறக்கவில்லை. ரப்பர் விலையோ தினமும் மாறும், கேரளாவின் கோட்டயம் சந்தை விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசுவார்கள். அப்படியென்றால் எந்த நாள் விலை? பால் கொண்டுவந்த நாளின் விலையா, டி.ஆர்.சி. தெரிந்த நாளின் விலையா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் தான் வைத்திருக்கும் பழக்கத்தைச் சொல்லத் தொடங்கினார். டேட்டாபேஸ் டேபிள் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சில்தான் முடிவானது. இந்தப் பேச்சுக்கு மணிக்கணக்கில் பில் போடலாம், போட வேண்டும்.

இனி பணம். உள்ளூரில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், அல்லது அப்பாவோடு படித்தவர், அல்லது ஒரே சபை, ஒரே கோயில். "நம்ம பயதானே, செஞ்சு தா மக்கா, பைசா எங்க போவப்போவுது" என்று பாசமாகத்தான் சொல்வார்கள். அந்தப் பாசம் உண்மைதான். அதே மனிதர் சிமென்ட் கடையில் கடன் சொல்ல மாட்டார், ஏனென்றால் அங்கே போர்டில் விலை எழுதியிருக்கிறது. நீங்களும் விலையை எழுதி வையுங்கள். வாயால் சொன்னால் அது பேச்சு, ஒரு பக்கத் தாளில் வேலை, தொகை, தேதி என்று அச்சடித்து மரியாதையோடு கையில் கொடுத்தால் அது கணக்கு. "மாமா, மூன்றில் ஒரு பங்கு முதலில் கொடுத்தால் திங்கட்கிழமை ஆரம்பித்துவிடுவேன்" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும். சொந்தக்காரருக்குச் சலுகை கொடுக்க ஆசை என்றால் கொடுங்கள், பில்லில் முழுத் தொகையைப் போட்டு அதன் கீழே தள்ளுபடி என்று காட்டிக் கொடுங்கள். வேலையின் மதிப்பு என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு தொழிலுக்கும் கையில் காசு புழங்குகிற மாதம் வேறு. மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போதும் வெட்டு குறையும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி லாட்ஜ்களுக்கு ஐயப்ப சீசன்தான் அறுவடை. கடைசித் தவணை எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்து ஒப்பந்தம் போடுங்கள். படகுக்காரரிடம் ஜூலையில் பணம் கேட்டு மனக்கசப்பு உண்டாக்குவதில் யாருக்கும் லாபம் இல்லை.

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பணம் தராமல் இழுத்தடித்தால்?

எனக்கும் நடந்திருக்கிறது. வெளியூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று கடைசித் தவணையை மாதக் கணக்கில் இழுத்தது. போன் செய்தால் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள், அக்கவுண்ட்ஸில் கேட்டால் முதலாளி கையெழுத்து போடவில்லை. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எண் என் பில்லில் அச்சாகியிருந்ததுதான் அன்று கைகொடுத்தது.

உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்துகொள்ளலாம், யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். சேவை தருகிற தனி ஆளும் குறுந்தொழில்தான். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதக் கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். இதற்கான அரசுத் தளத்தில் புகார் பதியலாம். அது போக, குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டியும் கொடுக்காத பாக்கியை, கொடுக்கிற வருடம் வரை அந்த நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இந்த விதி 2023-24 நிதியாண்டில் இருந்து இருக்கிறது. மார்ச் நெருங்கும்போது இதைக் குறிப்பிட்டு அமைதியாக ஒரு மெயில் எழுதினால், அவர்களுடைய ஆடிட்டரே முதலாளியிடம் பேசுவார். எனக்கு அப்படித்தான் பணம் வந்தது.

ஆனால் சட்டம் கடைசி வழி. அட்வான்ஸ், இடைத் தவணை, கடைசித் தவணை வந்த பிறகே சோர்ஸ் கோடு என்று முதலிலேயே பேசிவிட்டால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நான் எழுதிய கோடு யாருக்குச் சொந்தம்?

சம்பளத்துக்கு எழுதினால் கம்பெனிக்கு. தனி ஆளாக எழுதினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவருக்கு. அதைக் கிளையன்ட்டுக்கு மாற்றிக்கொடுக்க எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பல கிளையன்ட்டுகளுக்கு இது தெரியாது. நியாயமாக நடப்பது எப்படி என்றால், முழுப் பணமும் வந்ததும் அவர்களுக்காக எழுதிய பகுதி காலவரம்பில்லாமல், உலகம் முழுவதுக்கும் அவர்களுக்குச் சொந்தம். நான் எங்கும் பயன்படுத்துகிற பொதுவான துண்டுகள் எனக்குச் சொந்தம், அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு வரியில் எழுதினால் போதும்.

வருமான வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் தலைவலியா?

சம்பளக்காரர்களைவிட நமக்கு வரி விஷயத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. தொழில்முறை வருமானம் வருடத்துக்கு 50 லட்சம் வரை, ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை இருந்தால், அதில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். கணக்குப் புத்தகம் பராமரிக்க வேண்டிய அவசியம் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதன் பெயர் 44 ஏ.டி.ஏ. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் அதில் பிரிவு எண் வேறு. அதாவது 14 லட்சம் வந்தால் 7 லட்சம்தான் வருமானம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே வராது. வரி வந்தால் அட்வான்ஸ் டாக்ஸை மார்ச் 15க்குள் ஒரே தடவையாகக் கட்டலாம்.

இந்திய கம்பெனிகள் பணம் கொடுக்கும்போதே வரியில் ஒரு பகுதியை டி.டி.எஸ். என்று பிடிப்பார்கள். வரி வராவிட்டால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்க வேண்டும். அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். மென்பொருள் சேவைக்கு 18 சதவீதம். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதி என்பதால், பதிவு செய்தவர்கள் ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட்டு வரி இல்லாமல் பில் போடலாம். வருடா வருடம் கொடுக்க வேண்டும், மறக்கக் கூடாது.

நல்ல ஆடிட்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் கடை, முந்திரி ஆலை பார்க்கிறவர்களில் சிலருக்கு மென்பொருள் ஏற்றுமதி பழக்கம் இருக்காது. எல்.யு.டி. பற்றிக் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுப் பணம் எப்படி வரும்?

வங்கிக்கு நேரடியாக, இல்லையென்றால் பேபால், வைஸ், பேயோனீர் போன்றவை வழியாக. பேபால் எளிது, ஆனால் கட்டணமும் டாலரை மாற்றும் விலையும் சேர்ந்தால் நன்றாகக் கடிக்கும். பெரிய தொகைகளுக்கு வேறு வழியை ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியில் பர்பஸ் கோடு, அதாவது எதற்காக வந்த பணம் என்பதைக் காட்டும் குறியீடு, கேட்பார்கள், மென்பொருள் ஆலோசனை வேலைக்குப் பொதுவாக பி0802. பணம் வெளிநாட்டில் இருந்து வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கிச் சேர்த்து வையுங்கள். அமெரிக்க கிளையன்ட் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் தாள் அது, பூர்த்தி செய்து கொடுத்தால் போதும்.

ராத்திரி முழிக்க வேண்டுமா?

ஐரோப்பா என்றால் வேண்டாம். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. நியூயார்க் என்றால் அவர்கள் காலை 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. தினமும் ஒரு மணி நேரம் பேச்சு, மற்றதெல்லாம் எழுத்தில் என்று ஒத்துக்கொள்கிற கிளையன்ட்டாகப் பாருங்கள். முழு இரவும் அவர்கள் நேரத்தில் இருக்கச் சொன்னால், அதற்கு ஊருக்குத் திரும்பியிருக்கவே வேண்டாம்.

வீட்டில் இருந்து வேலை செய்வதில் என்ன பிரச்சினை?

வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். "மக்கா, நீ வீட்டுலதானே இருக்க, அந்த கரண்டு பில்ல கெட்டிட்டு வா." அம்மா கேட்பதில் தப்பில்லை. அவர்கள் பார்த்த வேலை என்பது காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவது. அதனால் நானும் அறை ஒன்றை ஒதுக்கி, காலை உணவு முடிந்ததும் சட்டை மாற்றி உள்ளே போய்விடுவேன். மதியம் வரை வெளியே வருவதில்லை. வீட்டாருக்கு இது பழகிவிட்டது. இடம் இல்லாதவர்கள் நாகர்கோவிலில் சின்னதாக ஒரு மாடி அறை வாடகைக்கு எடுப்பதும் நல்ல யோசனைதான்.

நல்லது எவ்வளவோ இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். கோயில் கொடைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் டிக்கெட் புக் செய்ய வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம். எனக்கு இதற்கு ஈடாக எந்தச் சம்பள உயர்வையும் சொல்லத் தோன்றவில்லை.

தனிமை உண்மையிலேயே இருக்கிறது. கோடில் மாட்டிக்கொண்டால் பக்கத்து மேஜையில் கேட்க ஆள் இல்லை. இதே வேலை செய்கிற நாலு பேரைத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு முறையாவது ஒரு டீக்கடையில் உட்காருங்கள். என் வேலைகளில் சில அந்த நண்பர்கள் வழியாக வந்தவை, அவர்களுக்கு முடியாததை எனக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கும் லோனுக்கும் சிக்கலா?

"மாப்பிள்ளை எங்க சோலி பாக்காரு?" என்று கேட்டால் கம்பெனிப் பெயர் சொல்ல முடியாது. அரசு வேலையையும் ஆசிரியர் வேலையையும் வளைகுடா வேலையையும் எடை போடத் தெரிந்த ஊருக்கு இது புதிது. வருமான வரி ரிட்டர்னைக் காட்டுங்கள், பெரியவர்களுக்குப் புரிகிற தாள் அது.

வங்கிக்கும் அதே தாள்தான். வீட்டு லோனுக்குப் பொதுவாக இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். பாதியை வருமானமாகக் காட்டினால் லோன் தகுதியும் அந்தப் பாதியை வைத்துத்தான் கணக்காகும். வீடு கட்டும் எண்ணம் இருந்தால், சம்பளத்தில் இருக்கும்போதே லோன் வாங்கிவிட்டு வருவது சுலபம். ஆனால் அந்தத் தவணை மாதா மாதம் நிற்கும் என்பதையும் யோசியுங்கள்.

சொந்தமாக ஆப் போட்டு விற்றால்?

செய்யுங்கள், ஆனால் சோற்றுக்கு அதை நம்பாதீர்கள். கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். சின்ன டெவலப்பர்களுக்கு இருவரும் 15 சதவீதம் எடுப்பார்கள். போடுவது எளிது, ஆட்கள் வாங்குவது கடினம். ஒரு உள்ளூர் வாடிக்கையாளருக்குச் செய்ததையே அடுத்த பத்துப் பேருக்கு விற்பது, முகம் தெரியாதவர்களுக்கு ஆப் விற்பதைவிட நடக்கக்கூடிய காரியம். அந்த ரப்பர் கடை மென்பொருள் அப்படித்தான் அடுத்தடுத்த கடைகளுக்குப் போனது.

ஏஐ வந்த பிறகும் இந்தத் தொழில் நிற்குமா?

நாலு பக்க வெப்சைட், ஒரு படிவம், ஒரு லாகின், இதையே நம்பியிருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். அதைக் கிளையன்ட்டே ஏஐயிடம் கேட்டுச் செய்துகொள்வார். எனக்கும் எழுதும் நேரம் குறைந்திருக்கிறது, நான் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த நாள் விலை என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. தவறாகப் பில் போனால் பொறுப்பேற்பதும் அது இல்லை. மணிக்கணக்கில் பில் போடுவதைக் குறைத்து, வேலைக்கு இவ்வளவு என்று பேசும் பக்கம் மெல்ல நகர்ந்து வருகிறேன். வேகமாக முடித்ததற்காக வருமானம் குறையக் கூடாது இல்லையா.

எப்போது வேலையை விடலாம்?

ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். முதல் வேலை கிடைக்க ஒன்றிரண்டு மாதம், செய்து முடிக்க ஒரு மாதம், பில் போட்டுப் பணம் வர இன்னும் ஒன்றிரண்டு மாதம், ஆறு மாதம் எப்படிப் போனது என்றே தெரியாது. தனி மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ஒரு கிளையன்ட்டாவது உறுதியாகியிருக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே வெளி வேலை செய்யலாமா என்று கேட்பார்கள். உங்கள் நியமனக் கடிதத்தைப் படியுங்கள், பெரும்பாலும் தடை இருக்கும். எழுதிய கோடும் அவர்களுக்கே சொந்தம் என்ற வரியும் இருக்கலாம். அதை மீறி ஆரம்பிக்காதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால் திரும்ப வேலைக்குப் போக முடியுமா?

முடியும், போனவர்கள் இருக்கிறார்கள், அதில் தலைகுனிய ஒன்றும் இல்லை. ஆனால் புதுக் கம்பெனி இடைப்பட்ட வருடங்களுக்குச் சான்று கேட்கும். ஒப்பந்தங்கள், பில்கள், ரிட்டர்ன்கள், கிளையன்ட் ஒருவரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். பி.எஃப்.போடு வரும் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், பணத்தை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். மறுபடி சேரும்போது யூ.ஏ.என். என்ற அதே பி.எஃப். அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும்.